சயனோடைப் பெட்டி: ‘ப்ளூ’ சொல்லிக்கொடுக்க நான் வாங்கியதில் உருப்படியான பொருள்

கும்பகோணம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். வெயிலில் வைத்து நீலப் படம் எடுக்கிற சயனோடைப் பெட்டி ஒன்றை ஆன்லைனில் 850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஓவியம், புகைப்படம் பழகுகிறவர்கள்தான் பெரும்பாலும் இதை வாங்குவார்கள். நான் வாங்கியது ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லுக்காக: ப்ளூபிரிண்ட். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாராளமாக வாங்கலாம். ஆனால் உள்ளே வருகிற தாளை ஓரமாக வைத்துவிடுங்கள். துண்டுச்சீட்டில் போட்டிருக்கிற நேரக் கணக்கையும் நம்பாதீர்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ப்ளூபிரிண்ட் என்றதும் ஞாபகம் வருவது பொதுத்தேர்வு. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை ஒரு மதிப்பெண் கேள்வி, எதிலிருந்து நெடுவினா என்று கட்டம் போட்டு வைத்திருந்த தாளுக்கு அதுதான் பெயர். எந்தப் பாடத்தைத் தொடாமல் விடலாம் என்று கண்டுபிடிக்கத்தான் பாதிப் பேர் அதைத் தேடினார்கள். வீடு கட்டுகிறவர்களைக் கேட்டால், இன்ஜினியர் போட்டுத் தருகிற பிளான் என்பார்கள். செய்தித்தாளில் ‘வளர்ச்சிக்கான ப்ளூபிரிண்ட்’ என்று அமைச்சர் யாராவது பேசியிருப்பார். இந்த மூன்றில் எதிலும் நீலம் கிடையாது. “மிஸ், இதுல ப்ளூ எங்க இருக்கு?” என்று பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு வாயால் பதில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

ஆங்கிலத்தில் ப்ளூ ஒட்டிக்கொண்ட சொற்கள் ஏராளம். வழிகாட்டிப் புத்தகங்களில் அவற்றை இரண்டு பத்தியாகப் போட்டு, இடது பக்கம் தொடர், வலது பக்கம் பொருள் என்று மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பிள்ளைகள் செய்வார்கள், தேர்வு முடிந்த மறுநாள் மறந்தும் போவார்கள். இவற்றில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு காலத்தில் மனிதர்கள் கண்ணால் பார்த்த, கையில் பிடித்த ஒரு நீலப் பொருள் இருக்கிறது. அந்தப் பொருளைக் காட்டிவிட்டால் சொல் தானாகப் பதியும். ப்ளூபிரிண்டுக்கு அந்தப் பொருளைக் காட்ட இன்றைக்கு இருக்கிற ஒரே வழி, அதை நாமே செய்வது.

பெட்டிக்குள் இருப்பவை: ‘ஏ’, ‘பி’ என்று எழுதிய இரண்டு பழுப்புக் குப்பிகள், அடியில் பொடி. தண்ணீர் எதுவரை ஊற்ற வேண்டும் என்று பக்கத்தில் ஒரு கோடு. பஞ்சு பிரஷ் ஒன்று, கொஞ்சம் தாள், ஓர் அக்ரிலிக் தகடு, கிளிப்புகள், கையுறை, ஆங்கிலத்தில் ஒரு துண்டுச்சீட்டு. ஏ குப்பியில் ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட், பி குப்பியில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. முதல் நாள் தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைத்துவிட்டு, மறுநாள் இரண்டிலும் சம அளவு எடுத்துச் சேர்த்துத் தாளில் பூச வேண்டும். நாங்கள் ஜன்னலைச் சாத்திய ஆய்வகத்தில், ஒரு பல்பு வெளிச்சத்தில் பூசினோம். பூசும்போது மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். “நீலம்னு சொன்னீங்களே மிஸ்” என்று உடனே ஒரு குரல்.

காய்ந்த தாளின் மேல் முருங்கை இணுக்கு ஒன்றை வைத்து, தகட்டால் அழுத்திக் கிளிப் போட்டு வெயிலில் வைத்தோம். ஒரு நிமிடத்துக்குள் பச்சை இறங்கத் தொடங்கியது. பிறகு நீலம் தட்டி, அதையும் தாண்டி சாம்பலும் வெண்கலமுமாக ஒரு மங்கல் நிறத்துக்கு வந்தது. இந்தக் கட்டத்தில் தாள் கெட்டுவிட்டது என்று தோன்றும், பயப்படாமல் விட்டுவிட வேண்டும். தட்டுத் தண்ணீரில் போட்டதும் வெயில் படாத இடத்திலிருந்து மஞ்சள் கரைந்து ஓடியது. வெயில் பட்ட இடம் கண் எதிரே நீலமானது. முருங்கையின் ஒவ்வொரு சிற்றிலையும் வெள்ளையாக, காம்போடு சேரும் இடத்தின் மெல்லிய இழை உட்படத் தெரிந்தது. இலை மெல்லியதாக இருந்த இடங்களில் வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவி வெளிர்நீலம். காய்ந்து மறுநாள் பார்த்தபோது நிறம் இன்னும் ஆழமாகியிருந்தது. அவசரமென்றால் மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடைக் கழுவும் தண்ணீரில் சில சொட்டு விட்டால் அந்த ஆழம் உடனே வந்துவிடும். இதைத் துண்டுச்சீட்டில் போடவில்லை, போட்டிருக்க வேண்டும்.

நடப்பது இதுதான்: வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் ஃபெர்ரிக் இரும்பை ஃபெர்ரஸ் இரும்பாக ஒடுக்குகிறது. அது ஃபெர்ரிசயனைடோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பிரஷ்யன் நீலமாகத் தாளில் உட்கார்ந்துவிடுகிறது. பிளஸ் ஒன் அறிவியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் புதிதில்லை. நைட்ரஜன் இருக்கிறதா என்று பார்க்கும் லாசிகன் சோதனையில் வருகிற அதே நீலம். ஆங்கில வகுப்பில் தங்கள் வேதியியல் பாடம் வந்து நிற்பதைப் பார்த்து அவர்களுக்குக் கொண்டாட்டம்.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஜான் ஹெர்ஷல், 1842-இல். வானியலாளர். அடுத்த ஆண்டே, 1843-இல், அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி இதே வழியில் கடற்பாசிகளைத் தாளில் வைத்து வெயில் காட்டிப் படமெடுத்து, பகுதி பகுதியாக நூலாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்களைக் கொண்டு வந்த முதல் நூல் அதுதான் என்கிறார்கள். படத்தின் கீழே இருக்கும் பெயர்களும் அவர் கையெழுத்தாலேயே நீலத்தில் பதிந்தவை. நூலில் தன் பெயரை ‘ஏ.ஏ.’ என்று மட்டும் போட்டுக்கொண்டார்.

பொறியியல் வரைபடத்துக்கு இது வந்தது பின்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதுவரை ஒரு பிளானுக்குப் பத்து நகல் வேண்டுமென்றால் பத்து முறை கையால் வரைய வேண்டும். டிரேசிங் தாளில் கறுப்பு மையால் ஒரு முறை வரைந்து, அதை இந்த ரசாயனம் பூசிய தாளின் மேல் வைத்து வெயில் காட்டினால், கோடு மறைத்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் நீலமாகவும் நகல் வந்துவிடும். எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், செலவும் குறைவு. பாலமானாலும் கப்பலானாலும் கட்டடமானாலும் வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரி கையில் இருந்தது இந்த நீலத் தாள். அதனால்தான் ‘தீர்க்கமாகப் போட்டு வைத்த திட்டம்’ என்ற பொருள் 1920-களில் அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்தது. பிறகு வெள்ளைத் தாளில் நீலக் கோடு வருகிற அமோனியா பிரிண்ட் வந்து நீலத் தாளை ஒழித்தது. அதையும் கம்ப்யூட்டர் பிளாட்டர் ஒழித்தது. பெயர் மட்டும் பிழைத்துக்கொண்டது.

இதை அப்படியே செய்து பார்த்தோம். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு பிளானை டிரேசிங் தாளில் கறுப்பு ஜெல் பேனாவால் வரைந்து வந்தார்கள். திண்ணை, ரேழி, கூடம், அடுப்படி, கொல்லை என்று ஆங்கில எழுத்தில் பெயர் போட்ட பழைய ஓட்டு வீடும் இருந்தது, ஒரே அறையும் ஒரு தடுப்பும் கொண்ட தொகுப்பு வீடும் இருந்தது. நீலத்தில் வெள்ளைக் கோடாக எல்லாமே ஒரே மாதிரி கம்பீரமாக வந்தன. கொத்தனார் வேலை செய்கிற ஒருவரின் மகன், தன் தாளை அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று காய்வதற்கு முன்பே கேட்டுக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் ப்ளூபிரிண்டுக்குப் பொருள் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. ‘இட் வாஸ் ஹிஸ் ப்ளூபிரிண்ட் ஃபார் சக்சஸ்’ என்று பாடத்தில் வந்தபோது அவர்களே விளக்கினார்கள்.

இன்னொன்றும் செய்தோம், எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. காரம் பட்டால் பிரஷ்யன் நீலம் வெளுத்துவிடும். பழைய டிராஃப்ட்ஸ்மேன்கள் நீலத் தாளில் திருத்தம் போட இதைத்தான் பயன்படுத்தினார்கள். சலவைச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் பேனாவில் தொட்டு எழுதினால், நீலத்தின் மேல் வெள்ளைக் கோடு விழும். நாங்களும் கடையில் சலவைச் சோடா வாங்கிக் கரைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு எழுதினோம். பிரஷ் போன தடத்தில் நீலம் மங்கி மஞ்சள் கலந்த வெள்ளையாக மாறுவது கண்ணுக்குத் தெரியும். தன் வீட்டு பிளானில் இல்லாத ஒரு கழிப்பறையை ஒரு பெண் இப்படிச் சேர்த்து வரைந்தாள். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை, அவள் எழுதியதை மட்டும் திருத்தினேன்: ‘டாய்லெட்’டில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.

அன்னா அட்கின்ஸைப் பற்றிச் சொன்னதிலிருந்து வகுப்பு இன்னொரு ப்ளூவுக்குப் போனது. ப்ளூஸ்டாக்கிங். இந்தச் சொல் பாடத்திட்டத்தில் இல்லை, ஆனாலும் நான் விடமாட்டேன். 1750-களில் லண்டனில் எலிசபெத் மாண்டேகு போன்ற பெண்கள் தங்கள் வீட்டில் சீட்டாட்டத்துக்குப் பதிலாக நூல்களைப் பற்றிப் பேசக் கூட்டம் கூட்டினார்கள். ஆண்களும் வருவார்கள். பெஞ்சமின் ஸ்டில்லிங்ஃப்ளீட் என்ற தாவரவியலாளர், விருந்துக்கு உரிய பட்டுக் காலுறையைப் போடாமல் அன்றாடம் போடுகிற நீலக் கம்பளிக் காலுறையோடு வந்து உட்கார்ந்தார். அந்தக் கூட்டத்துக்கே அது பெயரானது. நீலக் காலுறை போட்டவர் ஓர் ஆண். ஆனால் கொஞ்ச காலத்தில் அந்தப் பெயர் பெண்கள் மேல் மட்டும் ஒட்டிக்கொண்டது, அதுவும் வசையாக. ‘புத்தகமும் கையுமாக அலைகிறவள், அடக்கம் தெரியாதவள், கல்யாணத்துக்கு ஆகமாட்டாள்’ என்பதையெல்லாம் அந்த ஒரே சொல்லில் சொன்னார்கள். “ரொம்பப் படிச்சா மாப்பிள்ளை கிடைக்காது” என்று இன்றைக்கும் வீட்டில் கேட்கிற பெண்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லாமல் எந்த ப்ளூவைச் சொல்லி என்ன பயன்?

மற்றவற்றுக்கு இவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. ப்ளூ காலர் என்றால் அமெரிக்கத் தொழிலாளிகள் போட்ட நீலச் சட்டை. அழுக்குத் தெரியாது, அடிக்கடி துவைக்க வேண்டாம். “எங்கப்பா கம்பெனி சட்டையும் நீலம்தான்” என்று ஒருவன் சொன்னதும் அந்தப் பாடம் முடிந்தது. ப்ளூ சிப் என்றால் போக்கர் சீட்டாட்டத்தில் மிக அதிக மதிப்புள்ள நீல வில்லை. பங்குச் சந்தையில் நம்பிப் பணம் போடக்கூடிய கம்பெனிகளுக்கு அந்தப் பெயர் போனது. ப்ளூ பென்சில் என்றால் பத்திரிகை ஆசிரியர் வெட்டித் திருத்துகிற பென்சில். ப்ளூ என்றதும் கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு கிளம்பும், ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். ஆபாசம் என்ற பொருளும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு உண்டு, ‘ப்ளூ ஜோக்’ என்றால் அதுதான் என்று ஒரே வரியில் நேராகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். சிரிப்பு அடங்கிவிடும்.

இந்தப் பெட்டி உதவாத இடங்களும் உண்டு. ‘ஃபீலிங் ப்ளூ’ என்றால் மனச்சோர்வு. அதற்குக் காட்ட ஒரு பொருளும் இல்லை. தமிழில் நீலம் துக்கத்தின் நிறமும் இல்லை, உடம்பு நீலம் பாரித்தது என்றால் விஷம் ஏறியது என்றுதான் நினைப்போம். இதைப் பழக்கத்தில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ‘ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்’ என்பதற்கு அத்தி பூத்தாற்போல என்று சொல்லிவிடலாம், பிள்ளைகளுக்கு உடனே புரியும். ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமிக்கு ப்ளூ மூன் என்ற பெயர், ஓர் அமெரிக்க வானியல் இதழ் 1946-இல் பழைய பஞ்சாங்க வழக்கைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுதியதால் பரவியது. நிலா நிஜமாகவே நீலமாகத் தெரிந்த காலமும் உண்டு: 1883-இல் கிராகடோவா எரிமலை வெடித்த பிறகு, வானத்தில் பரவிய தூசியால்.

இனி குறைகள். பெரிய குறை தாள். வெளுப்பாக இருக்கட்டும் என்று சுண்ணாம்புச் சத்து சேர்த்த தாளாக இருக்கும் என்று நினைக்கிறேன். காரம் பட்டால் நீலம் வெளுக்கும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதே கதை இங்கும். சில வாரங்களில் அந்தத் தாளில் எடுத்த படங்களெல்லாம் மங்கிவிட்டன. தண்ணீரில் ஊறியதும் ஓரம் பிய்ந்தும் போனது. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் தடித்த வாட்டர்கலர் தாளில் எடுத்தவை அப்படியே இருக்கின்றன.

அடுத்தது நேரம். 15 முதல் 20 நிமிடம் வெயிலில் வைக்கச் சொல்கிறது துண்டுச்சீட்டு. யாரோ குளிர்நாட்டில் எழுதியதை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். பங்குனி வெயிலில் காலை பதினொரு மணிக்கு ஐந்தாறு நிமிடம் போதும். கூடப்போனால் இலையின் நரம்பெல்லாம் மறைந்து ஒரே நீலமாகிவிடும். மேகம் போட்ட நாளில் அவர்கள் சொன்ன கணக்கு சரியாக வரலாம். தாளின் ஓரத்தில் ஒரு துண்டைத் தனியே வைத்து, நிமிடத்துக்கு ஒரு பட்டையாக மறைத்துக்கொண்டே வந்தால் உங்கள் ஊர் வெயிலுக்கு எத்தனை நிமிடம் என்று தெரிந்துவிடும்.

தண்ணீரும் முக்கியம். எங்கள் பள்ளி போர் தண்ணீர் உப்பு, வெள்ளைப் படிவம் விடுகிற தண்ணீர். அதில் கழுவினால் நீலம் வெளிறுகிறது. கேன் தண்ணீரோ மழைத்தண்ணீரோ நல்லது. முதல் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்தால் இன்னும் நல்லது. காய்ந்த படத்தைச் சோப்புத் தண்ணீர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். துணியில் எடுக்கிற பெட்டியும் தனியாக விற்கிறார்கள், சலவைத் தூளில் துவைக்கிற துணிக்கு அது வீண் செலவு.

குப்பியில் ‘சயனைடு’ என்ற சொல்லைப் பார்த்ததும் தலைமையாசிரியர் வேண்டாம் என்றார். நியாயமான பயம். வேதியியல் ஆசிரியர்தான் வந்து விளக்கினார்: இதில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது, கையுறை போட்டு, வாயில் வைக்காமல் வேலை செய்தால் போதும். ஆனால் வலுவான அமிலத்தோடு சேர்க்கவோ சூடாக்கவோ கூடாது, அப்போதுதான் விஷவாயு வரும். எலுமிச்சைச் சாறு அந்தக் கணக்கில் சேராது. சயனைடு என்ற பெயரே இந்த நீலத்திலிருந்து வந்ததுதான். சயனைடின் அமிலத்தைப் பிரஷ்யன் நீலத்திலிருந்துதான் முதலில் பிரித்தெடுத்தார்கள் என்பதால், கருநீலத்தைக் குறிக்கும் ‘கியானோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லை வைத்துப் பெயரிட்டார்கள். நிறம்தான் விஷத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறது. அதே பிரஷ்யன் நீலம் தாலியம் விஷத்துக்கும் கதிரியக்க சீசியத்துக்கும் மருந்தாகவும் கொடுக்கப்படுகிறது.

பெட்டியில் வருகிற பொடி ஒரு வகுப்புக்குத் தாராளம். கலக்கிய ஏ குப்பியில் நாள்பட்டால் பூஞ்சை பிடிக்கும், அதனால் வேண்டிய அளவு மட்டும் கரையுங்கள், இருட்டில் வையுங்கள். இரண்டாவது முறை பெட்டி வாங்க வேண்டாம். ஆய்வக ரசாயனக் கடையில் இரண்டு பொடியையும் தனித்தனியாக வாங்கினால் மலிவு. 100 மில்லி தண்ணீருக்கு ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராம், இன்னொரு 100 மில்லிக்கு ஃபெர்ரிசயனைடு 10 கிராம். கடையில் கேட்கும்போது ஃபெர்ரிசயனைடு என்று அழுத்திச் சொல்லுங்கள். பள்ளி ஆய்வகத்தில் உப்புச் சோதனைக்கு இருப்பது ஃபெர்ரோசயனைடு. அதைக் கலந்தால் வெயிலே இல்லாமல் குப்பிக்குள்ளேயே நீலமாகிவிடும். சிட்ரேட்டில் பச்சை, பழுப்பு என்று இரண்டு வகை உண்டு, பச்சை வகையைக் கேளுங்கள்.